பியானோ வருவதற்கு முன் தரையைத் தயார் செய்வது எப்படி?

வீட்டுக்குப் பியானோ வாங்குபவர்கள் எந்த மாடல், என்ன விலை, யாரிடம் வகுப்பு என்று வாரக்கணக்கில் விசாரிப்பார்கள். அது எந்த இடத்தில், எதன்மேல் நிற்கப்போகிறது என்பதை மட்டும் வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் யோசிப்பார்கள். தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "இங்கேயே வச்சிடலாமா சார்?" என்று கேட்பார்கள். சரி என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓர் அங்குலம் நகர்த்த வேண்டுமென்றாலும் நாலு பேரைக் கூப்பிட வேண்டும்.

தரையைக் காப்பாற்றும் வேலையில் முக்கால்வாசி, பியானோ வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது. டிஜிட்டல் பியானோ வாங்கியிருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். அதன் கனம் பெரும்பாலும் ஓர் ஆள் கனத்துக்குள்தான் இருக்கும். கால்களுக்கு அடியில் தடிமனான ஃபெல்ட், அதாவது இழைகளை அழுத்திச் செய்த கெட்டித் துணி, ஒரு துண்டு ஒட்டினால் போதும். கீழே வருவதெல்லாம் கம்பியும் இரும்புச் சட்டமும் உள்ள அகவுஸ்டிக் பியானோவுக்கு.

கனம் எங்கே விழுகிறது?

பியானோவைப் பார்த்தால் மரச்சாமான் மாதிரி தெரியும். அதன் கனத்துக்கு முக்கியக் காரணம் உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம். ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள் இருக்கும். அவை எல்லாம் சேர்ந்து 18 முதல் 20 டன் வரை இழுக்கின்றன. அந்த இழுவையைத் தாங்கத்தான் அவ்வளவு இரும்பு.

சுவரோரம் நிற்கும் அப்ரைட் வகையில் வீடுகளில் அதிகம் பார்க்கக்கூடிய யமஹா யூ1 மாடல் 228 கிலோ. கவாய் கே-300 அதற்கு ஒரு கிலோ குறைவு. மூன்று கால்களில் கிடையாக நீண்டு நிற்கும் கிராண்ட் வகையில் யமஹாவின் சின்ன ஜிபி1கே 261 கிலோ, சி3எக்ஸ் 320 கிலோ. கச்சேரி மேடையில் நிற்கும் ஸ்டைன்வே டி 480 கிலோ. உங்கள் பியானோவின் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் விவரப் பட்டியலில் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பியானோ என்றால் விற்பவரிடமோ, சுருதி சேர்க்க வரும் ட்யூனரிடமோ கேளுங்கள்.

மொத்த எடையைக் கேட்டதும் மாடி தாங்குமா என்று பயந்துவிடாதீர்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875, வீட்டு அறைகளின் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கச் சொல்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் மொத்தம் 2,200 கிலோ கணக்கு வரும். முறைப்படி கட்டிய கான்கிரீட் தளத்தில் ஓர் அப்ரைட் பியானோவைச் சுவரோரம் வைப்பது சாதாரண விஷயம். கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியை மூடி அறையாக்கிய பகுதி. அங்கே வைக்க வேண்டாம். இன்னொன்று, தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் மாடி. விட்டத்துக்கு எத்தனை வயது, உள்ளே கரையான் அரித்திருக்கிறதா என்பது வெளியே தெரியாது. அங்கே பியானோ ஏற்றுவதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டியே ஆக வேண்டும்.

தளம் தாங்கிவிடும். மேல்பரப்புக்குத்தான் சோதனை. யூ1 மாதிரி ஓர் அப்ரைட்டுக்கு நாலு சக்கரம். இரும்புச் சட்டம் பின்பக்கமாக இருப்பதால் பின் சக்கரங்கள் இரண்டும் அதிகம் சுமக்கும். ஒரு பின் சக்கரத்தில் 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகச் சக்கரம் கெட்டியான தரையைத் தொடுகிற இடம் ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இருக்காது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் அந்தக் கனம் ஏறக்குறைய 300 சதுர சென்டிமீட்டரில் பரவும், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவுதான். பியானோ சக்கரத்துக்கு அடியில் அதே எடை விரல் நகத்தைவிடச் சின்ன இடத்தில் விழுகிறது. அதுவும் இரவு பகலாக, வருஷக்கணக்கில். இனி செய்யப்போகும் ஒவ்வொரு வேலையும் அந்தச் சின்ன இடத்தைப் பெரிதாக்குவதற்காகத்தான்.

உங்கள் தரை எந்த வகை?

தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது அதிகம் இருப்பது விட்ரிஃபைட் டைல்ஸ். டைல்ஸ் தன்னளவில் நல்ல கெட்டி. ஆனால் அடியில் கலவை முழுதாகப் பரவாமல் அங்கங்கே காலியாக விட்டிருப்பார்கள். நடமாட்டத்தில் இது தெரியாது. காலியாக இருக்கும் மூலையின் மேல் பின் சக்கரம் உட்கார்ந்தால் மயிரிழை விரிசல் விடும், அப்புறம் அது நீளும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து ரூபாய் நாணயம் போதும். பியானோ நிற்கப்போகும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். யூ1 அளவுக்கு 153 சென்டிமீட்டர் நீளம், 61 சென்டிமீட்டர் ஆழம். மின்விசிறியை அணைத்துவிட்டு, குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலும் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். அடியில் கலவை இருக்கும் இடத்தில் சத்தம் அடங்கி, சுருக்கமாக வரும். காலியான இடத்தில் சத்தம் பெரிதாகி, டப்பாவைத் தட்டியதுபோல் அதிரும். இரண்டு மூன்று டைல்ஸ் தட்டியதுமே வித்தியாசம் காதுக்குப் பிடிபட்டுவிடும். அதிர்கிற இடத்தில் பெருக்கல் குறி போடுங்கள். முடிந்ததும் பார்த்தால் சக்கரம் எங்கே வரக்கூடாது என்கிற வரைபடம் தரையிலேயே இருக்கும். பியானோவை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 10 சென்டிமீட்டர் தள்ளித் திட்டமிட்டாலே பல நேரம் தப்பிவிடலாம். தப்பவே முடியாவிட்டால் அந்த ஒரு டைல்ஸை மேஸ்திரியை வைத்து எடுத்துப் புதிதாகப் பதிப்பது நல்லது. பியானோ வந்த பிறகு இந்த வேலையைச் செய்வது எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின்மேல் சக்கரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரங்கள்தான் முதலில் பெயரும்.

பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையும் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் தனி ரகம். இரண்டுமே சிமெண்டால் ஆனவை. நிறம் மேல் அடுக்கில் மட்டும் இருக்கும். உலோகச் சக்கரம் ஒரு தடவை அரைத்துக்கொண்டு நகர்ந்தால் வெள்ளைக் கோடு விழும். ரெட் ஆக்சைடில் பழைய நிறத்துக்கு ஈடாக ஒட்டுப்போடுவது அனுபவமுள்ள கொத்தனாருக்கே சிரமம். இந்தத் தரைகளில் பியானோவின் சொந்தச் சக்கரம் ஒரு நொடிகூடத் தரையைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

மார்பிளுக்குக் கனத்தைவிடக் கறைதான் பெரிய எதிரி. பழைய பியானோக்களின் இரும்புச் சக்கரம் துடைக்கிற ஈரத்தில் துருப்பிடிக்கும். அந்தத் துரு மார்பிளுக்குள் இறங்கிவிட்டால் போகாது. ஆசிட் போட்டுத் தேய்த்தால் கல்லே அரித்துவிடும். கிரானைட் எதையும் தாங்கும், ஆனால் வழுக்கும்.

மரத்தரையும் லேமினேட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நடத்தை வேறு. உண்மையான மரத்தில் சக்கரம் குழி போடும். லேமினேட் பலகைகளைத் தளத்தோடு ஒட்டுவதில்லை. ஒன்றோடொன்று கோர்த்து, மெல்லிய நுரைத்தாளின் மேல் சும்மா விரித்திருப்பார்கள். மழைக்காலத்தில் அது விரியும், வெயில் காலத்தில் சுருங்கும். அதற்கு இடம் வேண்டும். அறையின் ஒரு கோடியில் பியானோ, எதிர்க்கோடியில் புத்தகம் நிறைந்த கனமான அலமாரி என்று இரண்டு முனையையும் அமுக்கிவிட்டால் நடுவில் பலகை எழும்பும், அல்லது இணைப்பு பிரியும். ஒரு பக்கம் மட்டும் கனத்தை வையுங்கள். புதிதாகத் தரை போடப்போகிறீர்கள் என்றால் பியானோ வரும் இடத்தை முன்கூட்டியே ஆளிடம் சொல்லிவிடுங்கள்.

வினைல் தரை போட்டவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரப்பர் கூடாது. ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள் இறங்கி மஞ்சளும் பழுப்புமாகக் கறை பிடிக்கும். மேலே படிந்த கறை இல்லை என்பதால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

சக்கரத்துக்கு அடியில் எதை வைப்பது?

கடைகளில் காஸ்டர் கப் என்று கேட்டால் வட்டமான சின்னக் கிண்ணம் தருவார்கள். நடுவில் குழி, அதில் சக்கரம் உட்காரும். மரம், பிளாஸ்டிக், ரப்பர், அக்ரிலிக் என்று பலவிதமாக வருகிறது. அடிப்பாகம் 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு ஏறக்குறைய 64 சதுர சென்டிமீட்டர். நாம் கணக்குப் போட்ட அந்த 70 கிலோ, இப்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.1 கிலோவாக இறங்கிவிடுகிறது. டைல்ஸ், கிரானைட், மொசைக் எல்லாவற்றுக்கும் இது தாராளம்.

வாங்கும்போது கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். விலை குறைந்த பிளாஸ்டிக் கிண்ணங்களின் அடிப்பாகம் உள்ளே குடைந்து, வெளி விளிம்பும் சில குறுக்குத் தடுப்புகளும் மட்டும் தரையைத் தொடும்படி இருக்கும். அகலமாகத் தெரிந்தாலும் அந்த விளிம்பில் மட்டுமே கனம் இறங்கும். மரத்தரையில் இது வட்டத் தடத்தைப் பதித்துவிடும். அடிப்பாகம் முழுதும் தட்டையாக, ஃபெல்ட் ஒட்டியிருப்பதாகப் பார்த்து எடுங்கள். மரம், மார்பிள், ரெட் ஆக்சைடு, வினைல் எல்லாவற்றுக்கும் ஃபெல்ட் ஒட்டிய கெட்டி மரக் கிண்ணம்தான் என் முதல் தேர்வு. ரப்பர் கிண்ணம் வழுக்காது, சத்தத்தையும் கொஞ்சம் அடக்கும். கிரானைட்டுக்கும் டைல்ஸுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

அளவு முக்கியம். சக்கரத்தின் விட்டத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். குழி சின்னதாக இருந்தால் சக்கரம் விளிம்பின்மேல் ஏறி நின்று கிண்ணத்தைப் பிளந்துவிடும். ரொம்பப் பெரிதாக இருந்தால் சக்கரம் உள்ளேயே உருளும், வாசிக்கும்போது பியானோ மெல்ல ஆடும். கிராண்ட் பியானோ சிலவற்றில் இரட்டைச் சக்கரம் இருக்கும். அதற்கு அகலமான குழி உள்ள கிண்ணம் தனியாகக் கேட்க வேண்டும். நாலும் ஒரே உயரமாக இருக்கட்டும். ஒன்று உடைந்தால் அதே மாதிரி கிடைக்காமல் போகலாம், அதனால் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

லேமினேட், மென்மையான மரத்தரை, கார்ப்பெட் ஆகியவற்றுக்குக் கிண்ணம் மட்டும் போதாது. அடியில் பலகை வேண்டும். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் இரண்டு வழி உண்டு. முழு பியானோவும் நிற்கிற மாதிரி ஒரே பலகை, அல்லது இடப்பக்கத்து முன் பின் சக்கரங்களுக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு நீளத் துண்டுகள். இரண்டாவது வழிக்கு 70 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் போதும். செலவும் குறைவு, கண்ணுக்கும் தெரியாது. பலகையில் கனம் எல்லா இடத்திலும் சீராகப் பரவாது, சக்கரத்தைச் சுற்றித்தான் அதிகம் இறங்கும். இருந்தாலும் கிண்ணத்தோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். கார்ப்பெட்டுக்கு ஒரே பலகை நல்லது. மற்ற தரைக்கு இரண்டு துண்டே போதும்.

தச்சரிடம் சொல்லும்போது மூன்று விஷயங்களை வலியுறுத்துங்கள். ப்ளைவுட், மரைன் ப்ளை என்று சொல்லப்படும் ஐஎஸ் 710 தரமாக இருக்கட்டும். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் சாதாரண ப்ளை நீடிக்காது. ஓரங்களையும் மூலைகளையும் நன்றாக உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கூர்மையான ஓரமே கார்ப்பெட்டை அறுக்கும். மரத்தரைக்கு என்றால் பலகையின் அடியில் முழுக்க ஃபெல்ட் ஒட்ட வேண்டும். பலகை கார்ப்பெட்டின்மேல் போவதானால் ஃபெல்ட் தேவையில்லை. மேலே பியானோவின் நிறத்துக்கு ஏற்றபடி கறுப்போ வால்நட்டோ அடித்துவிட்டால் பலகை இருப்பதே தெரியாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விளைவு உண்டு. பலகையும் கிண்ணமும் சேர்ந்து பியானோவை மூன்று சென்டிமீட்டர் வரை உயர்த்திவிடும். கீபோர்டின் உயரம் கூடுவதை ஸ்டூலை ஏற்றிச் சரிக்கட்டலாம். பெடலின் உயரத்தை அப்படிச் சரிக்கட்ட முடியாது. வாசிப்பவரின் குதிகால் பழைய தரையிலேயே இருக்க, பெடல் மட்டும் மேலே போய்விடும். அரைமணி நேரம் வாசித்தாலே கெண்டைக்கால் வலிக்கும். பலகையை முன்பக்கம் 35 சென்டிமீட்டர் நீட்டி, குதிகாலும் அதன்மேலேயே வருமாறு வெட்டச் சொல்லுங்கள். இரண்டு துண்டு முறை என்றால், பெடலுக்கு முன்னால் அதே தடிமனில் ஒரு சின்னப் பலகை போட்டுக்கொள்ளுங்கள். கிண்ணம் மட்டும் வைத்தவர்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் உயரமுள்ள பாய் விரிப்பே போதும்.

கார்ப்பெட் உள்ள வீடுகள்

லண்டன், டொரான்டோ போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் தலைவலி. அறை முழுக்கச் சுவரோடு சுவராகப் பதித்த கார்ப்பெட், அதற்கு அடியில் ரப்பரோ நுரையோ கொண்ட அண்டர்லே. வாடகை வீடு என்றால் காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடித்தம் வேறு.

கார்ப்பெட்டில் நேரடியாகச் சக்கரத்தை வைத்தால் இழைகள் நசுங்குவது ஒருபுறம் இருக்கட்டும். அடியில் இருக்கும் நுரை மெல்ல மெல்ல அமுங்கும். பின் சக்கரங்களில் கனம் அதிகம் என்பதால் பின்பக்கம் கூடுதலாக இறங்கி, சில மாதங்களில் பியானோ சுவர்ப்பக்கமாகச் சாயத் தொடங்கும். அப்புறம் சக்கரம் குழிக்குள் சிக்கிக்கொண்டு நகர மறுக்கும். அந்த நிலையில் கிராண்ட் பியானோவைத் தள்ளுவது ஆபத்து. அதன் கால்கள் மேலிருந்து கீழே வரும் கனத்தைத் தாங்கவே அமைந்தவை. பக்கவாட்டில் தள்ளினால் கால் முறிந்து, பியானோவே சரிந்து விழலாம்.

அதனால் கார்ப்பெட் என்றால் பலகை, பலகையின்மேல் காஸ்டர் கப், அதன்மேல் பியானோ. கிண்ணம் எதற்கு என்றால், ப்ளைவுட்டின்மேல் வெறும் சக்கரம் உருளும், வாசிக்கும்போது பியானோ விலகிப் போகும். பலகையைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பதித்த கார்ப்பெட்டின் ஓரத்தில், அடிச்சுவரை ஒட்டி, கார்ப்பெட்டைப் பிடித்துக்கொள்ள சின்ன ஆணிகள் உள்ள மரப்பட்டை ஓடும். அதன்மேல் பலகை ஏறினால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், கார்ப்பெட்டும் அந்த ஆணியில் கிழியும். கையால் அமுக்கிப் பார்த்தால் பட்டை எங்கே முடிகிறது என்று தெரியும். அதைத் தாண்டி இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பலகையை ஆரம்பியுங்கள். பியானோவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் எப்படியும் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும், அதற்கும் இது உதவும்.

லண்டன், டொரான்டோ போன்ற ஊர்களில் பல வீடுகளில் மாடித் தளம் மரக் குறுக்குக் கட்டைகளின்மேல் நிற்கும். கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதற்குக் குறுக்காகப் பியானோவின் நீளம் வருகிற மாதிரி, பாரம் தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள். அப்போது ஒரே கட்டையில் விழாமல் பல கட்டைகளில் கனம் பகிர்ந்துகொள்ளும். கிராண்ட் என்றால், வாடகை வீட்டில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, இன்ஜினியரையும் கேட்டுவிடுங்கள்.

நம் ஊரில் பதித்த கார்ப்பெட் அபூர்வம். அழகுக்காகப் பியானோவுக்கு அடியில் விரிப்பு போடுகிறவர்கள்தான் அதிகம். பவானி ஜமுக்காளம் விரித்து அதன்மேல் பியானோவை வைத்தால் தரைக்குப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். பருத்தி நெசவு மெல்லியது, சக்கரத்தின் கனத்தைப் பரப்பாது. வழவழப்பான டைல்ஸில் அது நழுவவும் செய்யும். நல்ல ஜமுக்காளமும் நாலு இடத்தில் இற்றுப்போகும். அதை வாசிப்பவரின் ஸ்டூலுக்கு அடியில் விரித்துக்கொள்ளுங்கள். ஸ்டூலை முன்னும் பின்னும் இழுக்கும் கீறலுக்கு அது நல்ல மருந்து.

இறக்கும் நாள்

பியானோ தூக்கிப் பழகிய ஆட்களையே கூப்பிடுங்கள். கடைக்காரரையோ ட்யூனரையோ கேட்டால் சொல்வார்கள். கிண்ணமும் பலகையும் தயாராக இருக்கின்றன, வைக்கும்போதே அதன்மேல் வைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பலகையை அதன் இடத்தில் போட்டு, நாலு கிண்ணத்துக்கும் சாக்பீஸ் குறியும் போட்டு வைத்திருந்தால் ஆட்களுக்கும் வேலை சுலபம்.

வாசலிலிருந்து அறைவரை தரையில் ஹார்ட்போர்டோ மெல்லிய ப்ளைவுட்டோ விரியுங்கள். பழைய போர்வை மட்டும் போதாது, சக்கரத்தில் சுருட்டிக்கொள்ளும். பியானோ வர வேண்டியது டாலி என்னும், ரப்பர் சக்கரம் வைத்த தள்ளுபலகையின்மேல். அப்ரைட்டின் சொந்தச் சக்கரங்கள் சின்னவை. கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தத்தான் அவை உதவும், கூடம் முழுக்க உருட்டிக்கொண்டு வர அல்ல. டைல்ஸ் இடுக்கு ஒவ்வொன்றிலும் இடித்து, டைல்ஸ் ஓரமும் பெயரும், பியானோவின் காலும் ஆட்டம் காணும்.

கிராண்ட் பியானோவை ஒரு பக்கமாகச் சாய்த்து, காலைக் கழற்றித்தான் கொண்டுவருவார்கள். கால்களைப் பூட்டி நிமிர்த்துகிற அந்த நேரம்தான் கிண்ணம் வைக்கச் சரியான தருணம். அதைத் தவறவிட்டால், பியானோவைத் தூக்கும் கருவியான பியானோ ஜாக் வைத்திருக்கும் ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும். காலுக்குக் கால் தூக்குவதை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

ஏற்கெனவே வீட்டில் நிற்கும் அப்ரைட்டுக்கு இப்போதுதான் கிண்ணம் வைக்கிறீர்கள் என்றால், பலமுள்ள நாலு பெரியவர்கள் வேண்டும். குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். அப்ரைட்டின் கனம் பின்பக்கமும் மேல்பக்கமும் இருப்பதால் அது பின்னால் சாய்ந்துவிடும் சுபாவம் உள்ளது. அப்படி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. மூடிகளை மூடிப் பூட்டுங்கள். இரண்டு பேர் ஒரு முனையைப் பிடிக்கட்டும். ஒருவர் கை கீபோர்டுக்கு அடியில் இருக்கும் கெட்டிப் பலகையின் ஓரத்தில், இன்னொருவர் கை முதுகுப்பக்கக் கைப்பிடியில். மூன்றாமவர் பின்னால் சாயாதபடி மேல்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து மூன்று சென்டிமீட்டர் தூக்கினால் போதும், அதற்குமேல் வேண்டாம். நான்காமவர் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கிண்ணத்தை ஒரு குச்சியால் தள்ளி நுழைக்க வேண்டும். விரலை உள்ளே விடவே கூடாது. மெதுவாக இறக்கிவிட்டு, எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த முனை. அலங்கார மரப்பட்டையையோ கீபோர்டு மூடியையோ பிடித்துத் தூக்கினால் அது கையோடு வந்துவிடும்.

வைத்து முடித்ததும் மேல் மூலைகளில் லேசாக அமுக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தரை சமமாக இல்லை என்று அர்த்தம். எந்தச் சக்கரம் கனம் ஏற்காமல் சும்மா நிற்கிறதோ, அந்தக் கிண்ணத்துக்கு அடியில் மெல்லிய ஃபெல்ட் வைத்து நிரப்புங்கள். அட்டையை மடித்து வைக்காதீர்கள், ஈரத்தில் நைந்துவிடும்.

பிறகு கவனிக்க வேண்டியவை

வீடு துடைக்கிற முறையை மாற்ற வேண்டியிருக்கும். சொட்டச் சொட்ட நனைத்த மாப்பைப் பியானோவுக்கு அடியில் விட்டால் கிண்ணத்து ஃபெல்ட் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மரக்கிண்ணம் உப்பும், சக்கரம் துருப்பிடிக்கும், பலகையில் பூஞ்சை வரும். அங்கே மட்டும் நன்றாகப் பிழிந்த துணியால் கையால் துடைக்கச் சொல்லுங்கள். வீட்டுவேலைக்கு வருபவரிடம் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை ட்யூனர் வரும்போது கைப்பேசி வெளிச்சத்தில் அடியிலும் ஒரு பார்வை பாருங்கள். கிண்ணத்தில் விரிசல், பலகை ஓரத்தில் மண் மாதிரி கரையான் தடம், கார்ப்பெட்டிலும் ஃபெல்ட்டிலும் பூச்சி அரித்த பொடி. தரைத்தள வீடுகளில் கரையான் முக்கியம். பலகையில் ஏறினால் அடுத்து அது போவது பியானோவுக்குத்தான்.

பியானோவை நகர்த்தியபின் கார்ப்பெட்டில் குழி தெரிந்தால் பதற வேண்டாம். கம்பளி, நைலான் கார்ப்பெட் என்றால் குழியின் அளவுக்கு ஐஸ் கட்டிகளை வைத்து உருக விடுங்கள். முதலில் மறைவான ஓர் ஓரத்தில் நனைத்துப் பார்த்துச் சாயம் போகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உருகிய ஈரத்தை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, இழைகள் பாதி ஈரமாக இருக்கும்போதே ஸ்பூனின் விளிம்பால் குழியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளப்பிவிடுங்கள். ஒரு தடவையில் முழுதும் எழாது, மறுநாள் திரும்பச் செய்யலாம். ஆழமான குழிக்கு, ஈரத்துணியை விரித்து அதற்குமேல் தொடாமல் ஸ்டீம் அயர்னைப் பிடித்து ஆவி காட்டலாம். பாலிப்ரொப்பிலீன் கார்ப்பெட்டில் அயர்ன் பட்டால் இழை உருகிவிடும், அந்த வகை அவ்வளவு சுலபத்தில் எழவும் எழாது. பட்டு, விஸ்கோஸ் விரிப்புகளில் தண்ணீரே படக்கூடாது, அவற்றைக் கார்ப்பெட் சுத்தம் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அண்டர்லே அமுங்கிப் போயிருந்தால் மேலே என்ன செய்தாலும் பள்ளம் இருக்கும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றக் கார்ப்பெட் போடுகிறவரால் முடியும்.